அதி வரைக்கும் படித்தவள்

எந்தச் சொல்லாக இருந்தாலும் முதல் இரண்டு எழுத்தைப் படித்துவிடுவேன். மிச்சத்தை நானே போட்டுக்கொள்வேன். அறுபத்தெட்டு வயது வரை இப்படித்தான் படித்தேன், பெரும்பாலும் சரியாகவே இருந்தது. (கடை போர்டு 'மரு' என்று ஆரம்பித்தால் அது மருந்துக்கடைதானே. மருதாணிக்கு எவன் தனியாகக் கடை வைக்கப் போகிறான்?)

மூன்றாம் வகுப்பில் நாலு மாதம் இருந்தேன். திருவாதவூரில் களை எடுக்க ஆள் பத்தவில்லை என்று பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு போனார்கள். அதோடு சரி. கல்யாணமாகி மதுரைக்கு வந்த பிறகு, கேட்டவர்களிடம் "அஞ்சாப்பு" என்று சொன்னேன். சில வருடத்தில் அது எட்டாப்பு ஆகிவிட்டது. எப்படி ஆனது என்று எனக்கே தெரியாது. கையெழுத்து மட்டும் அழகாகப் பழகி வைத்திருந்தேன், கீழே ஒரு கோடும் இழுத்துவிடுவேன். காலையில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பேப்பரை விரிப்பேன். ஒரு பக்கத்தில் எவ்வளவு நேரம் இருக்க வேண்டும், எப்போது "ச்சை" என்று சொல்லிப் புரட்ட வேண்டும் என்பதெல்லாம் என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கற்றுக்கொண்டது. அவருக்கு மட்டும் விஷயம் தெரியும். பிள்ளைகளிடம்கூடச் சொல்லாமல் போய்ச் சேர்ந்தார். அந்த ஒரு காரியத்தில் அவர் தங்கம்.

என் படிப்புக்கு இந்த ஊர் கொஞ்சமும் ஒத்துழைக்கவில்லை. மதுரையைச் சுற்றிப் பாதி ஊர் 'திரு' என்றுதான் ஆரம்பிக்கும். ஒரு தடவை அண்ணன் மகள் சடங்குக்குத் திருவாதவூர் போக வேண்டியவள் திருமங்கலத்தில் போய் இறங்கி நின்றேன். "பஸ்ஸுல அம்புட்டுக் கூட்டம், இறங்க விடல" என்று சொல்லிச் சமாளித்தேன். நான் போன பஸ் அந்தப் பக்கமே போகாது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. அன்றே நான் திருந்தியிருக்க வேண்டும்.

இனி என் மகன் சரவணன் விஷயத்துக்கு வருகிறேன். கம்ப்யூட்டர் வேலை, வீட்டிலிருந்தே பார்க்கிறான். நல்ல பிள்ளை. முப்பத்தைந்து வயதில் ஒரு நாள் வந்து, "அம்மா, நான் ரா வீகன் ஆயிட்டேன்" என்றான். ராவுக்கு மட்டும்தானே, பகலில் சோறு தின்பான் என்று நினைத்து, "சரிப்பா" என்றேன். பகலிலும் தின்னவில்லை. அடுப்பில் வைத்த எதையும் தொடமாட்டான். பால், தயிர், நெய் வீட்டுக்குள்ளேயே வரக் கூடாது, அதோடு என் காப்பியும் போச்சு. முளைகட்டிய பயறும் தேங்காயும் பழமுமாகத் தின்று, கறிவேப்பிலைக் குச்சி மாதிரி நடமாடினான்.

வந்த சம்பந்தமெல்லாம் வாசலோடு திரும்பியது. "அடுப்பு மூட்டாத வீட்டுல எங்க பொண்ணு என்னத்தத் தின்னும்?" என்று கேட்டார்கள்.

மூன்று வருடம் கழித்துத்தான் பூங்கொடி ஜாதகம் வந்தது. திருமங்கலம். அந்தப் பெண்ணும் சமைத்ததைச் சாப்பிடாதாம். இப்படி இரண்டு பேர் ஒரே ஜில்லாவில் இருப்பார்கள் என்று நான் நினைத்ததே இல்லை. அப்பா தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் பெண் பார்க்கப் போனபோது நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல், "அடுப்பே பத்தவைக்காத மருமக. எனக்கு ஒரு வாய் காப்பிக்கும் வழியில்ல போல" என்று சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. ஆனாலும் சரவணனுக்குப் பெண்ணைப் பிடித்திருந்தது. பெண்ணுக்கும் அவனைப் பிடித்திருந்தது. அவன் விசில் அடித்துக்கொண்டு குளித்ததை அன்றுதான் நான் கேட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை அவர்கள் எங்கள் வீடு பார்க்க வருவதாகப் பேச்சு. எங்கள் பக்கத்தில் பேச்சு முடிந்தால் இனிப்பை வாயில் போட்டுக்கொண்டுதான் "சரி" என்பார்கள். அந்த இனிப்பு, பெண் வாயிலும் மாப்பிள்ளை வாயிலும் போக வேண்டும். இரண்டும் வேகாததைத் தின்கிற வாய்.

"சீனி போடவா?" என்றேன்.

"ஆலையில காய்ச்சுறதும்மா அது."

"வெல்லம்?"

"கொதிக்க வெச்சது."

"கருப்பட்டி?"

"அதுவும் கொதிக்க வெச்சதுதான்."

"தேனை எவன்டா கொதிக்க வெச்சான்?"

"அது தேனீயோட சாப்பாடும்மா. நாம புடுங்கக் கூடாது."

(பெத்தவ காப்பியைப் புடுங்கலாம். தேனீ சாப்பாட்டைப் புடுங்கக் கூடாது.)

பதநீரைச் சொன்னேன். அது வெயில் ஏறுவதற்குள் புளித்துவிடும், தலைமை ஆசிரியர் கள்ளுக் குடித்துவிட்டுத் திருமங்கலம் போக வேண்டியதாகிவிடும் என்று நானே விட்டுவிட்டேன். மாடியில் தொட்டியில் ஒருத்தர் கொடுத்த சீனித்துளசி நின்றது. ஒரு இலை மென்று பார்த்தேன். இனிப்பாகத்தான் இருந்தது, ஆனால் சாயங்காலம் வரைக்கும் நாக்கை விட்டுப் போகவில்லை. கடைசியில் பேரீச்சம்பழம் என்று முடிவு செய்தபோது, பெண்ணின் அப்பாவுக்குச் சுகர், பேரீச்சையும் உலர்ந்த திராட்சையும் ஆகாது என்று தகவல் வந்தது. பூங்கொடிதான் சரவணனிடம் போனில் வழி சொன்னதாம்: "அதிமதுரப் பொடி கொஞ்சம் போட்டா போதும். எங்கப்பாவும் ரெண்டு உருண்டை சாப்பிடலாம்."

எனக்கு அந்தப் பெண்ணை அந்த நிமிஷமே பிடித்துவிட்டது.

நாட்டு மருந்துக் கடைக்குப் போனேன். பரவையில் கட்டிக்கொடுத்த என் மகள் மீனா, பிள்ளைக்கு வயிற்றுப்போக்கு என்று அதிவிடயப் பொடியும் வாங்கி வரச் சொல்லியிருந்தாள். கடைக்காரர் இரண்டையும் ஒரே மாதிரிக் காகிதத்தில் மடித்து, மேலே பேனாவில் பெயர் எழுதிக் கொடுத்தார். மீனாவின் வீட்டுக்காரர் வந்தபோது ஒரு பொட்டலத்தை எடுத்துப் பார்த்தேன். 'அதி' என்று இருந்தது. கொடுத்தேன். இன்னொன்றை எடுத்துப் பார்த்தேன். அதிலும் 'அதி'. சரி, அதிமதுரம்.

எப்போதும் எனக்கு மூக்குதான் துணை. டப்பாவில் மிளகா மிளகாயா என்று மோந்து பார்த்துத்தான் தெரிந்துகொள்வேன். அந்த வாரம் பார்த்து ஜலதோஷம். அதிமதுரத்தைக் குச்சியாக மென்றிருக்கிறேனே தவிரப் பொடியாகப் பார்த்ததில்லை. வாயில் போட்டுப் பார்த்திருக்கலாம். வெள்ளிக்கிழமை விரதம், அதோடு சாமிக்குப் படைக்கிறதை முன்னால் ருசி பார்ப்பதில்லை. ஊறவைத்த கடலையும் எள்ளும் தேங்காய்ப் பூவும் அரைத்து, பொடியைத் தாராளமாகக் கொட்டி, நாற்பது உருண்டை பிடித்தேன். குலதெய்வத்துக்கு முதல் உருண்டை. அது ஒன்றும் சொல்லவில்லை.

அவர்கள் வந்தார்கள். எல்லாம் நல்லபடியாகப் பேசி முடித்தார்கள். தட்டை நீட்டினேன். ஆளுக்கொன்று எடுத்து ஒன்றாக வாயில் போட்டார்கள்.

தலைமை ஆசிரியர் மெல்லுவதை நிறுத்தினார்.

"என்னம்மா இது, இம்புட்டுக் கசக்குது?"

"உங்களுக்குச் சுகர்ல அண்ணே, அதுல வாய் கசக்கும்" என்றேன். (சுகருக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம் என்று என்னைக் கேட்காதீர்கள்.)

அவர் சம்சாரம் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "எனக்குச் சுகர் இல்லையே மதினி, எனக்கும் கசக்குதே" என்றார்.

விரதத்தை விட்டேன். ஒரு உருண்டையை எடுத்து வாயில் போட்டேன். வேப்பங்கொழுந்து எவ்வளவோ தேவலை. காது வரைக்கும் கசந்தது. முழுங்கிவிட்டு, "நல்லாத்தான இருக்கு" என்றேன். யாரும் நம்பாததால் இரண்டாவதையும் தின்றேன்.

பூங்கொடி எழுந்து அடுப்படிக்குப் போய் அந்தக் காகிதத்தை எடுத்து வந்தது. என் பக்கத்தில் குனிந்து, மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி, "அத்தை, இதைத்தான் போட்டீங்களா? என்ன எழுதியிருக்குன்னு பாருங்களேன்" என்றது. தப்பித்துக்கொள்ள எனக்கு ஒரு வழி கொடுத்தது அந்தப் பிள்ளை. நான் என்ன செய்தேன்? கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, காகிதத்தை எட்டப் பிடித்து, கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகப் படித்தேன்.

"அதிமதுரம்."

தலைமை ஆசிரியர் கையை நீட்டி வாங்கிப் பார்த்தார். "அதிவிடயம்னு எழுதியிருக்கு."

"கையெழுத்துதான அண்ணே. எப்படி வேணாலும் படிக்கலாம்."

"எழுத்தை எப்படி வேணாலும் படிக்க முடியாதும்மா."

சரவணன் அவசரமாக, "அம்மா, நீ கண்ணாடி போடலையா?" என்றான். பாவம், பதறிப்போய்க் கேட்டுவிட்டான். கண்ணாடி என் மூக்கின் மேலேயே இருந்தது.

அவர் காகிதத்தை மடித்துத் தட்டில் வைத்தார். "எம்பொண்ணு புடிக்கலைன்னா நீங்க வாயால சொல்லியிருக்கலாம். அன்னைக்கே அடுப்பு பத்தவைக்காத மருமகன்னு சொன்னீங்க, நாந்தான் பெரிசா எடுத்துக்கல. கசப்பைக் குடுத்து, அதை இனிப்புன்னு எங்க மூஞ்சிக்கு நேரா சாதிக்கிறீங்களே."

எனக்குப் படிக்கத் தெரியாது அண்ணே. நாலே சொல். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அவரோ தலைமை ஆசிரியர். என் மகன் உட்கார்ந்திருக்கிறான். நான் எட்டாப்பு. அந்தக் கசப்போடு சேர்த்து அதையும் முழுங்கிவிட்டேன்.

எழுந்து போனார்கள். வாசலில் செருப்பு மாட்டும்போது பூங்கொடி திரும்பிச் சரவணனைப் பார்த்தது. அவன் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரத்தில் மீனா போன் பண்ணினாள், சரவணன் ஸ்பீக்கரில் போட்டான். "என்ன மருந்தும்மா குடுத்துவிட்ட? பிள்ளை நக்கி நக்கித் திங்கிறான். வயித்தாலதான் நிக்கல."

சரவணன் போனை வைத்துவிட்டு வந்து என் எதிரில் உட்கார்ந்தான். பேப்பரை என் மடியில் விரித்து, "ஒரு வரி படிம்மா" என்றான். நான் படிக்கவில்லை. அழுதேன். அவன் பேப்பரை மடித்து வைத்தான். அப்புறம், "சொல்லியிருக்கலாம்லம்மா" என்றான். அவ்வளவுதான் சொன்னான்.

அதற்கப்புறம் நான் எழுத்தைப் பிடித்தேன். உப்புப் பாக்கெட், சோப்பு உறை, கல்யாணப் பத்திரிகை, எது கிடைத்தாலும் கடைசி எழுத்து வரைக்கும். ஐந்து மாதம் ஆனது. ஒரு நாள் சரவணனிடம் சொல்லாமல் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். தி, ரு, ம, ங், க என்று போர்டைப் படித்து முடிப்பதற்குள் இரண்டு பஸ் போய்விட்டது. மூன்றாவதில் ஏறினேன்.

தலைமை ஆசிரியர் வாசலில் நின்றபடியே கேட்டுக்கொண்டார். எல்லாவற்றையும் சொன்னேன், மூன்றாம் வகுப்பு நாலு மாதம் உட்பட. அவர் முகம் போன போக்கை என்னால் சொல்ல முடியாது.

"நான் முப்பது வருசம் வாத்தியாரா இருந்தவம்மா. படிக்கத் தெரியாதுன்னு நீங்க சொல்லியிருந்தா நான் தப்பா நினைச்சிருப்பனா?"

அப்போதுதான் அவர் பின்னால் சுவரில் புதிதாக மாட்டியிருந்த கல்யாணப் போட்டோவைப் பார்த்தேன். பூங்கொடியும், யாரோ ஒரு பையனும். மூன்று வாரம் ஆகியிருந்தது. அவர் சம்சாரம் ஒரு லட்டுக் கொண்டுவந்து கொடுத்தார். நல்ல இனிப்பு. அன்றைக்கு இரண்டு உருண்டையை இறக்கின தொண்டையில் அது இறங்கவில்லை.

சரவணனுக்கு இப்போது நாற்பத்தொன்று. எங்கள் வீட்டில் யாராவது பாதியைக் கேட்டுவிட்டு மீதியை அடித்துவிட்டால், "அதி!" என்று நிறுத்துவார்கள். மீனாவின் பிள்ளைகூடச் சொல்கிறான். அடுப்படி டப்பாக்களுக்கெல்லாம் சரவணனே பெயர் எழுதி ஒட்டியிருக்கிறான், முதல் இரண்டு எழுத்தை விட்டுவிட்டு. மிளகு டப்பாவில் 'கு'. மிளகாய் டப்பாவில் 'காய்'. வெந்தயம் 'தயம்'. வருகிற சொந்தக்காரர்கள் "தயம்னா என்னத்தை?" என்று கேட்பார்கள். அவன் முழுக் கதையையும் சொல்லிச் சிரிப்பான். நானும் சிரிப்பேன். சிரித்துவிட்டு அவனுக்குப் பயறு ஊறப்போடுவேன்.

போன மாதம் தரகர் ஒரு தாள் கொடுத்துவிட்டுப் போனார். பெயர் இருக்கிற இடத்தில் 'பூங்' என்று ஆரம்பித்தது. மிச்சத்தை நானே போட்டுக்கொள்ள எவ்வளவு ஆசையாக இருந்தது தெரியுமா. கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கடைசி எழுத்து வரைக்கும் போனேன்.

"என்னம்மா போட்டிருக்கு?" என்றான் சரவணன்.

"பூங்குழலி."

"அதி இல்லையே?"

"இல்லடா. முழுசு."

அதற்குக் கீழே 'நன்றாகச் சமைப்பாள்' என்று இருந்தது. அதையும் கடைசி எழுத்து வரைக்கும் படித்துச் சொன்னேன்.