புகார்ப் பிரிவோடு ஒரு பேரம்

டி.வி.யைச் சரிசெய்ய எந்த மெக்கானிக்கையும் வீட்டுக்குள் விடுவதில்லை என்று கடைக்காரர் சபதம் போட்டார். போட்டபோது தரையில் மல்லாந்து கிடந்தார். தலை டி.வி. மேசைக்கு அடியில், கால் ஹாலின் நடுவில்.

"கட்டிலையே பிரிச்சு மாட்டுறவன் நான்! ஒரு வயரை மாட்டத் தெரியாதா எனக்கு?"

பழைய மரச்சாமான் வாங்கி விற்பவர். வெறுங்கையோடு தொடங்கி, வாயை மட்டும் முதலாகப் போட்டுக் கடை வைத்தவர். ஆனால் கட்டிலில் எது எங்கே போகும் என்று பார்த்தாலே தெரியும். டி.வி.யின் முதுகில் இருந்தவை எல்லாம் ஓட்டைகள். கேபிள் பெட்டியிலிருந்து வந்த வயரை ஒவ்வொன்றிலும் செருகினார். ஊதினார். பெட்டியின் மண்டையில் ஒன்று வைத்தார். 'சிக்னல் இல்லை' என்று நீலத் திரையில் நின்ற எழுத்து அசைவேனா என்றது.

"விடுங்களேன்," என்றாள் மனைவி சமையலறையிலிருந்து. "ஒரு நாள் டி.வி. பாக்கலைன்னா உயிரா போயிடும்?"

உயிர்தான் போயிற்று. அதை எப்படி வெளியே சொல்வார்?

அவருடைய ஒரே மகள், தன்னோடு வேலை பார்ப்பவனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்ன அன்று, வாசலில் நின்று "போ" என்றார். சொல்லிவிட்டு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டார். சந்தையில் அவருடைய கைகண்ட வித்தை அது. விலை படியாவிட்டால் விறுவிறுவென்று நடந்துவிடுவார். விற்கிறவன் பின்னாலேயே ஓடி வந்து கூப்பிடுவான். மகள் கூப்பிடவில்லை. நிஜமாகவே போய்விட்டாள். வேறு ஊரில், கேபிள் கம்பெனியின் புகார்ப் பிரிவில் இருக்கிறாள்.

தினமும் சாயங்காலம் சமையலறையில் அம்மாவும் பெண்ணும் போனில் பேசிக்கொள்வார்கள். கடைக்காரர் ஹாலில் டி.வி. பார்ப்பார். சத்தத்தை அடியோடு குறைத்துவிட்டு, கண்ணைத் திரையிலும் காதைச் சமையலறையிலும் வைத்துக்கொண்டு பார்ப்பார். மகளைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அப்படித் தெரிந்ததுதான். இனி, படம் வராத டி.வி.யின் முன்னால் எந்தச் சாக்கில் உட்காருவார்?

"ஏண்டி, கம்பெனிக்காவது போன் போடேன்!"

"என்கிட்ட கத்தாதீங்க. போட்டுத் தரேன், நீங்களே பேசுங்க." ஸ்பீக்கரில் போட்டு நீட்டினாள்.

"வணக்கம் சார். என்ன பிரச்சினைன்னு சொல்லுங்க."

அந்தக் குரல் அவர் தோளில் தூங்கி வளர்ந்த குரல்.

"படம் வரலைங்க," என்றார். பெற்ற பெண்ணுக்கு 'ங்க' போட்டது அதுதான் முதல் தடவை.

"பெட்டியில விளக்கு எரியுதா சார்?"

"எரியுது."

"ரிமோட்ல சோர்ஸ் மாத்திப் பாத்தீங்களா?"

"பட்டனே தேஞ்சு போச்சு."

"வயரோட ரெண்டு முனையையும் கழட்டி மாட்டுங்க. மெதுவாக் குனியுங்க. முதுகு பிடிச்சுக்கும்."

"என் முதுகு கம்பெனிக்கு எப்படித் தெரியும்?"

"வயசானவங்க எல்லாருக்கும் சொல்றதுதான் சார்."

"யாருக்கு வயசாச்சு?"

"பிரஷர் மாத்திரை போட்டீங்களா?"

"அதுக்கும் டி.வி.க்கும் என்ன சம்பந்தம்?"

"கஸ்டமர் கத்தினா கேக்கச் சொல்லியிருக்காங்க சார்."

மனைவி துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தாள்.

"வயர்தான் போயிருக்கும் சார். ஆள் நேர்ல வந்துதான் பாக்கணும்."

"வரச் சொல்லுங்க," என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"கூட இன்னொருத்தரும் வருவார்."

யாரென்று புரிந்தது. "வேலை தெரிஞ்ச ஆளா?"

"தெரியும் சார். நல்லாச் சமைக்கவும் செய்வார். ஆனா கதவைத் திறப்பீங்களா? போன தடவை வாசலோட அனுப்பிட்டீங்கன்னு கேள்விப்பட்டேன்."

"அன்னைக்குக் கதவு இறுகிக் கிடந்துச்சுங்க. இப்ப எண்ணெய் விட்டாச்சு."

அந்தப் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம்.

"ஜலதோஷமா?"

"ஏ.சி. சார்." குரல் கம்பெனிக்குத் திரும்பியது. "வேலை பெரிசு சார். பத்து நாள் ஆகும்."

அங்கேதான் வந்தது வினை. எண் ஒன்று காதில் விழுந்தால் கடைக்காரரின் நாக்கு மனசைக் கேட்பதில்லை.

"பத்து நாளா? ஒரு வயருக்கா? யாருகிட்ட விளையாடுறீங்க? அரை நாள் வேலை இது!"

"எட்டு நாள் சார்..."

"அரை நாள்!"

"அஞ்சு நாளாவது..."

"கடைசியாச் சொல்றேன், ஒரு நாள். முடியாதுன்னா வேற ஆளைப் பாத்துக்கறேன்!"

"சரி சார். ஒரு நாள். ஞாயித்துக்கிழமை வந்துட்டு அன்னைக்கே கிளம்பிடறோம்." வைத்துவிட்டாள்.

கடைக்காரர் நெஞ்சை நிமிர்த்தித் திரும்பினார். "பாத்தியா? எப்படி இறக்கினேன்!"

மனைவி தட்டு துடைத்த துண்டின் மடிப்புக்குள்ளிருந்து வயர் ஒன்றை எடுத்தாள். மேசைக்குப் பின்னால் கைவிட்டு, அவர் படாத பாடு படுத்திய வயரை உருவிவிட்டு, இதைச் செருகினாள். படம் பளிச்சென்று வந்தது.

"அடிப்பாவி! நீதானா?"

"நான்தான். ஆகாத வயரை மாட்டி வெச்சு, கம்பெனிக்குன்னு சொல்லி அவளுக்கே போன் போட்டேன். ஊமை டி.வி. பாத்துக்கிட்டு நீங்க ஒட்டுக்கேக்கறது எனக்குத் தெரியாதா? நேரா ரெண்டு வார்த்தை பேசட்டுமேன்னுதான்." தட்டை அடுக்கினாள். "பேசினீங்களே! அவங்க ரெண்டு பேரும் பத்து நாள் லீவு வாங்கி வெச்சிருந்தாங்க."

கடைக்காரர் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தார். ஒரு நாள். காலையில் வந்து, சாப்பிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு போவாள். அந்த வாசலில் மறுபடி நின்று பார்க்க வேண்டும்.

"போடு! போனைப் போடு!" பிடுங்கிக் காதில் வைத்தார். "அம்மா... பத்து நாளே இருக்கட்டும்மா. இருபதுன்னாலும் சரிம்மா."

"மன்னிக்கணும் சார். பேசி முடிச்ச பேரத்தை மாத்தக் கூடாதுன்னு எங்க அப்பா சொல்லிக் குடுத்திருக்கார்."