சம்பந்தி வருவதற்குள் ஒரு பல்

வாயெல்லாம் நுரையோடு நாய் சோபாவுக்கு அடியில் புகுந்துகொண்டது. ஓய்வுபெற்ற சர்வேயர் பிரஷ்ஷை நீட்டியபடி தரையில் மண்டியிட்டிருந்தார்.

"என்னங்க, அது உங்க பேஸ்ட்தானே?" என்றாள் மனைவி.

"பின்னே, அதுக்குன்னு தனியா செஞ்சு வெச்சிருக்காங்களா?"

செய்துதான் வைத்திருந்தார்கள். கால்நடை மருத்துவர் போனிலேயே கடிந்துகொண்டார். "மனுஷங்க பேஸ்ட் நாய்க்கு ஆகாது சார், முழுங்கிடும். நாய் பேஸ்ட் வாங்குங்க. மெதுவா பழக்குங்க. தேய்ச்சதும் ஒரு பிஸ்கட் கொடுங்க."

மெதுவாகப் பழக்க நேரம் ஏது? ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி வருகிறார். போன முறை கூடத்தில் நாய் கொட்டாவி விட்டதும் எல்லோர் எதிரிலும் மூக்கைப் பொத்திக்கொண்டு, "இந்த வீட்டுல பல் தேய்க்கிற வழக்கமே இல்லையா சம்பந்தி?" என்று கேட்டவர். அதோடு விட்டாரா? "என்னைப் பாருங்க. அறுபத்தெட்டு வயசு. ஒரு பல்லு ஆடல" என்று இளித்தும் காட்டினார்.

அன்று சர்வேயர் வாயே திறக்கவில்லை. அவர் வாயில் இருந்தது முழுசும் பல்செட். மனைவிக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

நாய் பேஸ்ட் வந்தது. நாய் வாயைத் திறக்கவில்லை.

"செஞ்சு காட்டினாத்தானே அதுக்குப் புரியும்?" என்ற சர்வேயர், கதவைச் சாத்திவிட்டு, பல்செட்டைக் கழற்றி அதன் எதிரில் தேய்த்துக் காட்டினார். பிறகு அதற்கு ஒரு பிஸ்கட். மூன்று நாள் இதே பாடம்.

நான்காம் நாள் காலை நாயே வந்து அவரை எழுப்பியது. டம்ளரில் இருந்த பல்செட்டைக் கவ்விக்கொண்டு, பிஸ்கட் கேட்டு வாலை ஆட்டியது.

"நல்லாத்தான் பழக்கியிருக்கீங்க" என்றாள் மனைவி.

"ஃபும்மா இரு" என்றார் சர்வேயர்.

அன்றிரவு பல்செட்டை அலமாரியில் வைத்துப் பூட்டினார். காலையில் சாவியைக் காணோம். மாலையில் நாயின் படுக்கைக்கு அடியில் அது கிடைக்கும்வரை பாலைக் குடித்தே கழித்தார். கடைசியில், பெட்டியில் கிடந்த பழைய பல்செட்டை நாய்க்கே ஒதுக்கிவிட்டார். அதைக் கவ்வக் கொடுத்தால், உதட்டைத் தூக்கிப் பற்களின் வெளிப்பக்கத்தைத் தேய்க்க விட்டது. சனிக்கிழமைக்குள் வாடை போய்விட்டது.

ஞாயிறன்று பழைய பல்செட்டைப் பரண்மேல் ஒளித்துவைத்தார். சாப்பாடு முடிந்து சம்பந்தி உள்ளறையில் சற்றுக் கண்ணயர்ந்தார். மற்றவர்கள் கூடத்தில் பேசிக்கொண்டிருந்தபோது நாய் நிதானமாக நடந்து வந்து நடுவில் உட்கார்ந்தது.

வாயில் பல்செட்.

"யாரோட பல்லு மாமா இது?" என்றார் மாப்பிள்ளை.

அதற்குள் சம்பந்தியும் எழுந்து வந்து வாசற்படியில் நின்றார். கைக்குட்டையால் மூக்கையும் வாயையும் சேர்த்துப் பொத்தியிருந்தார். மறுபடியும் அதே அவமானம்.

சர்வேயர் முதுகை நிமிர்த்தி எழுந்தார். "என்னுதுதான். எனக்கு சொந்தப் பல்லு ஒண்ணுகூட இல்ல. மறைச்சது நான். என் வீட்டுல வேற யாரையும் குறை சொல்ல வேண்டாம்."

சம்பந்தியின் மனைவி குனிந்து, நாயின் வாயிலிருந்து அதை வாங்கித் தலைப்பில் துடைத்தாள்.

"இது உங்களுது இல்லண்ணா. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சு, பன்னெண்டு வருஷமா இவர் கதவைச் சாத்திட்டுக் கழுவறாரே, அந்தப் பல்லு."