உடும்புக்கு அடித்த கண்ணீர் அஞ்சலி பேனர்

ராஜபாளையம்,
ஞாயிற்றுக்கிழமை.

மைத்துனர் திரு. சுயம்புலிங்கம் அவர்களுக்கு,

இவ்விடம் நானும் தங்கள் அக்காள் நாச்சியாரும் நலம். அவ்விடம் தாங்களும் தங்கள் பிளெக்ஸ் கடையும் நலமா என்று கேட்கும் மனநிலையில் நான் இல்லை. வழக்கமாக 'ஏலே மாப்ள' என்று எழுதுபவன் இன்று 'தாங்கள்' என்கிறேன். காரணத்தைத் தாங்களே ஊகித்துக்கொள்ளலாம்.

அய்யனார் கோவில் சாலையிலுள்ள என் மாந்தோப்பில் ஓர் உடும்பு வசிப்பதையும், முதுகுவலிக்கு அதன் கறிதான் மருந்தென்று பக்கத்துத் தோப்பு ஜெபக்குமார் அலைவதையும் தாங்கள் அறிவீர்கள். அதைக் காப்பாற்றும்பொருட்டே, இனி உடும்பைப் பிடிப்பதில்லை என விவசாயிகளிடம் உறுதிமொழி வாங்க ஒரு கூட்டம் கூட்டினேன். 'அழிந்துவரும் நம் உடும்பைக் காப்போம்' என்ற வாசகத்தோடு அதன் புகைப்படத்தையும் அனுப்பி, தங்களிடம் ஒரு பேனர் மட்டுமே கேட்டேன்.

விடியுமுன் தங்கள் ஆட்கள் தோப்பு வாசலில் கட்டிவிட்டுப் போன பேனரில், உடும்பின் தலைக்குப் பின்னால் ஒளிவட்டம். இருபுறமும் குத்துவிளக்கு. மேலே 'கண்ணீர் அஞ்சலி'. கீழே 'வருந்தும் உள்ளங்கள்' வரிசையில் நானும், கூலிங்கிளாஸ் அணிந்த தாங்களும், தங்கள் நண்பர்கள் அத்தனை பேரும். போனில் கேட்டதற்கு, "அழியுதுன்னு நீங்கதான அத்தான் எழுதியிருந்தீய? அதுக்கு நம்ம கடையில இந்த டிசைன்தான் இருக்கு" என்கிறீர்கள்!

கூட்டத்துக்கு வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நுழைந்தார்கள். மதார் சாகிப் ரோஜா மாலையோடு வந்து, "புள்ள மாதிரி வளத்தீயளோ சார்? எம்புட்டு நாளா சொகமில்ல?" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். தங்கள் அக்காள் அவித்த சுண்டலை, துஷ்டி வீட்டில் எப்படித் தின்பதென்று ஒருவரும் தொடவில்லை. உடும்பு உயிரோடிருக்கிறது என்று நான் கத்தினேன். துக்கத்தில் பேசுகிறேன் என்று தேற்றினார்கள். உறுதிமொழி எடுக்கச் சொன்னபோது ஜெபக்குமார் எழுந்து, "செத்துப் போனதுக்கு என்னத்துக்கு சார் பாதுகாப்பு? முன்னாலயே சொல்லியிருந்தா கறியையாவது வாங்கியிருப்பேன்ல" என்றார். மௌன அஞ்சலி செலுத்திவிட்டு, 'போயிட்டு வாரோம்' என்றுகூடச் சொல்லாமல் கூட்டம் கலைந்தது.

ஆகவே, அந்த ஜீவனுக்கு இனி எது நேர்ந்தாலும் தாங்களே பொறுப்பு. இதைக் கையில் கொடுத்தனுப்புகிறேன்; பேனரை அவிழ்க்க இன்றே ஆள் அனுப்பவும். பொங்கலுக்கு இங்கு வரவேண்டியதில்லை.

குழந்தைகளுக்கு மட்டும் என் ஆசிகள்.

இப்படிக்கு,
மு. சஞ்சீவி, எம்.எஸ்ஸி. (விலங்கியல்)

பின்குறிப்பு: ஏலே மாப்ள, ஆளை அனுப்பாத. இதை மடிக்கும்போதே, தண்ணி பாய்ச்சப் போன ஜெபக்குமார் வேலியைத் தாண்டி ஓடி வந்தார். உடும்பு மாமரத்தடியில வெயில் காஞ்சிக்கிட்டு இருந்திருக்கு. "சார், பேனர்ல இருக்க அதே மூஞ்சி! ஆவியால்ல அலையுது!" பொந்து வாசல்ல மெழுகுவத்தி ஏத்தி, ரெண்டு முட்டையும் வச்சிட்டு, இனி அந்தப் பக்கமே வரமாட்டேன்னு சத்தியம் பண்ணிட்டுப் போயிட்டாரு. முட்டையை ஆவி தின்னுருச்சு. கூமாப்பட்டி உடும்புக்கும் சுந்தரபாண்டியத்து உடும்புக்கும் அதே டிசைன்ல ஒவ்வொண்ணு அடி, அதுகளும் பொழச்சிக்கிடும். கூலிங்கிளாஸ் அப்படியே இருக்கட்டும். செத்த நேரம் வந்துட்டுப் போ, சுண்டல் அம்புட்டும் மிச்சம் கெடக்கு.