ஆடு மேய்ந்த படம்

ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலையில் இனி பாதி தன்னுடையது என்று தண்டபாணி அறிவித்தான். செல்லம்மா கேலி செய்யவில்லை. அப்போதே அவன் உஷாராகியிருக்க வேண்டும்.

"கரித்தூசி அப்பிக்கினு கீது. செவுத்துல கீற படத்தையும் ஒரு தொட தொடச்சிடு" என்று ஈரத்துணியைக் கையில் கொடுத்துவிட்டு மீன் வாங்கப் போனாள்.

அனல்மின் நிலையத்தை ஒட்டிய முகத்துவாரக்குப்பத்தில் எதன்மேல் கறுப்பு தெரிந்தாலும் அது கரித்தூசிதான், துடைத்தால் போகும். தண்டபாணி அழுத்தித் துடைத்தான். ஆடுகள் போயின.

அது மச்சினன் வெற்றி பென்சிலில் வரைந்து கொடுத்த படம். மலையடிவாரம், புல்வெளி, மேய்கிற ஆடுகள். வெற்றி செல்லம்மாவுக்கு ஒரே தம்பி. மகா ரோஷக்காரன். கல்யாணப் பந்தியில் தன் இலைக்கு அப்பளம் விட்டுப்போனதற்கே ஒரு வருஷம் இந்தப் பக்கம் வராதவன். இன்று மத்தியானம் சாப்பிட வருகிறான். ஆட்டோடு அவனும் போய்விட்டால், செல்லம்மா தண்டபாணியை உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள்.

பென்சிலைத் தேடி எடுத்தான். பிறந்ததிலிருந்து மீன் பிடித்த கை. ஆடு வரையப் போனால் வஞ்சிரம் வந்தது. கொம்பு வைத்தான், நாலு கால் வைத்தான். கொம்பு வைத்த வஞ்சிரம் புல் மேய்ந்தது. போன மாசத்திலிருந்தே அந்த ஆடுகள் கொஞ்சம் பூனை ஜாடையில்தான் இருந்தன என்று மனதைத் தேற்றிக்கொண்டான்.

செல்லம்மா வந்தாள். பார்த்தாள்.

"இன்னாய்யா இது?"

"ஆடு."

"செவுளு கீதே?"

"மேஞ்சி மேஞ்சி மூச்சு வாங்குதுமே."

"எந்தம்பி வந்து கேட்டா இன்னா சொல்லுவே?"

"நீயே எதுனா சொல்லி சமாளிமே. உங்கால்ல வேணா வுழறேன்."

"சரி, நான் பாத்துக்கறேன். நீ வாயத் தொறக்காத" என்று பெருமூச்சு விட்டாள். அவன் கண்ணுக்கு அவள் அம்மனாகவே தெரிந்தாள்.

வெற்றி வந்தான். நேராகப் படத்தின் முன்னால் போய் நின்றான். தண்டபாணி செல்லம்மாவின் பின்னால் ஒதுங்கினான். வெற்றி திரும்பிச் சிரித்தான்.

"வுடு மாமா. நீ ஈரத்துணியால தொடச்சி ஆட்டையெல்லாம் அழிச்சத அக்கா போன மாசமே போன்ல அழுதுகினு சொல்லிச்சு. என் கோவம்லாம் அப்பவே பூட்ச்சு."

போன மாசமா? தண்டபாணி அந்தத் துணியைத் தொட்டதே இன்று காலையில்தான். போன மாசம் துடைத்த கையும், பூனை ஜாடையில் ஆடு வரைந்த கையும் யாருடையது என்று மெல்ல விளங்கியது. சாப்பிட உட்கார்ந்ததும் கேட்க வாயைத் திறந்தான்.

அதே கை அவன் தட்டில் பெரிய துண்டாகப் பார்த்து மீன் வைத்தது.

"முள்ளு கீது. பேசாம துன்னு" என்றாள் செல்லம்மா.