வெள்ளோட்டத்தில் சாமியை ஏற்றிய கதை

பண்டத்தரிப்பு,
ஞாயிறு காலை.

அன்பு மருமகள் தனுசியா அறிவது,

உன் கொழும்பு வேலையும் உடம்பும் குறைவின்றி நடக்க எங்கள் பிள்ளையார் துணை நிற்பாராக. இங்கே நானும் உன் மாமியும் நலம். ஒரே வீட்டில், தனித்தனியாக நலம். காரணம் கீழே வருகிறது.

போன மாதம் தொலைபேசியில் நீ ஒரு கேள்வி கேட்டாய். "மாமா, வெளியிலை வந்த மென்பொருளே சும்மா கிடக்கேக்கை, இன்னும் வெளிவராததிலை உங்களுக்கு என்ன ஆசை?" சிக்னல் இல்லை என்று சொல்லி நான் வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகவே இருந்தது, விடைதான் இருக்கவில்லை.

சொல்லக்கூடிய விடை இது: கோயில் சபைச் செயலாளர் என்ற முறையில் அடியார்களின் பெயர்களையும், ஒவ்வொரு நாள் திருவிழாவையும் ஏற்றுச் செய்கிற உபயகாரர்களையும் அடுக்கிவைக்க எனக்கொரு தரவுத்தளம் தேவைப்பட்டது. வரப்போகும் பதிப்பு தமிழ் அகரவரிசையைப் பிசகாமல் அடுக்கும் என்று எழுதியிருந்தார்கள். பரீட்சார்த்தப் பதிப்பு இலவசம். சொல்லக்கூடாத விடை: கணித ஆசிரியனாக இருந்த காலமெல்லாம் வினாத்தாளைப் பிள்ளைகளுக்கு முன்னால் பார்த்துப் பழகியவன் நான். ஓய்வுபெற்ற பிறகு எதையும் எனக்கு முன்னால் மற்றவர்கள் பார்த்துவிடுகிறார்கள்.

ஆனால் இலவசம் என்பது மென்பொருள் மட்டும்தான், அதை ஓட்டிப் பார்க்க ஓர் இடம் வேண்டும் என்பது பிறகுதான் விளங்கியது. ஒருவர் மாட்டைச் சும்மா தந்தாலும் கட்டுகிற இடம் நம்முடையதாக இருக்கவேண்டுமே. நீ முன்பு சொன்ன மூன்று வழிகளில் முதலாவதாக இணைய வாடகைக் கணினியைப் பார்த்தேன். முதல் மாதம் இலவசம் என்று அழைத்துவிட்டு, வாசலில் வங்கி அட்டை கேட்டார்கள். ஓய்வூதிய அட்டையைக் கொடுத்தேன், ஏற்கவில்லை. பாதி அவமானம், பாதி நிம்மதி. பிறகு இரண்டு பஸ் மாறி எங்கள் யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிக்குப் போய், பல்கலைக்கழக வளாகத்துப் பிள்ளைகள் மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கும் கணினி அறையில் குந்தியிருந்து, அரைநாள் மினக்கெட்டு மென்பொருளை ஏற்றினேன். மறுநாள் போனால் ஒன்றையும் காணோம். அறையை நடத்துகிற ஜெயனி சிரித்தார்.

"சேர், இஞ்சை எல்லாக் கொம்பியூட்டரும் பின்னேரம் பூட்டேக்கை முழுகிப்போடும். விடியத் துப்பரவாய்த்தான் எழும்பும்."

"அப்ப நான் நேற்றுச் செய்தது?"

"அது நேற்றோடை போச்சுது, சேர்."

அந்த அறையைத் திட்டிக்கொண்டே வீடு வந்தேன். பிறகு நீ சொன்ன மூன்றாவது வழி: வீட்டுக் கணினிக்குள்ளே ஒரு பொய்க் கணினியை உண்டாக்கி, பரீட்சையை அதற்குள் அடைத்துவைப்பது. மாமியின் பழைய மடிக்கணினியில் செய்து பார்த்தேன். அது இரைந்த இரைச்சலில் மாமி குசினியிலிருந்து வந்து, "அதுக்கு மூச்சு வாங்குது, விடுங்கோ" என்றார். விட்டேன். பொய்க் கணினியை அழித்துவிட்டு மெய்க் கணினியிலேயே ஏற்றினேன்.

தொடக்கத்திலேயே ஓர் எச்சரிக்கை வந்தது: இது பரீட்சார்த்தப் பதிப்பு, உண்மையான வேலைக்குப் பாவிக்க வேண்டாம். நான் அதை மரியாதைப் பேச்சு என்று எடுத்தேன். செருப்பைக் கொழுவிக்கொண்டு நிற்பவரிடம் "சாப்பிட்டிட்டுப் போகலாமே" என்று சொல்கிறோம் அல்லவா, அந்த வகை. ஆகவே பத்துத் திருவிழாக்களுக்கும் உரிய உபயகாரர் பட்டியலை அப்படியே கொடுத்தேன். நாள் எண்ணை நான் போடவில்லை. நான் கொடுத்த வரிசையைப் பார்த்து அதுவே போடட்டும் என்று விட்டேன். கணித ஆசிரியன் நான், பத்து வரை எண்ணுகிற வேலையைப் பிறரிடம் ஒப்படைத்தேன், பிள்ளை.

எங்கள் ஐந்தாம் திருவிழா கிழக்கு வளவு சி. அருளம்பலத்துடையது, ஆறாம் திருவிழா மேற்கு வளவு சி. அருளம்பலத்துடையது. இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு வேலி. அந்த வேலியால் இருவருக்கும் கதை பேச்சில்லை. புதிய பதிப்பின் புதிய கெட்டித்தனம் என்னவென்றால், ஒரே பெயர் இரண்டு தரம் வந்தால் ஒன்றாக்கிவிடும். ஒன்றாக்கியது. அவர்களுக்குப் பின்னால் நின்ற எல்லோரும் ஒரு நாள் முன்னே நகர்ந்தார்கள். ஒன்பதாம் நாள் தேர் உன் மாமியின் தகப்பன் வீட்டாருடையது என்று உனக்குத் தெரியும். அவர்கள் எட்டாம் நாள் சப்பரத்துக்கு வந்தார்கள். பத்தாம் நாள் தீர்த்தக்காரரான இளையதம்பி அண்ணைக்குத் தேர் கிடைத்தது. தீர்த்தத்துக்கு ஆளில்லை. எழுத்து வடிவும் அழகுமாக இருந்ததால் நான் சரிபார்க்கவில்லை. நோட்டீஸ் அச்சடித்து ஊர் முழுக்கக் கொடுத்தாயிற்று.

மாமி வாசித்துவிட்டு மெதுவாகக் கேட்டார்: "இஞ்சாருங்கோ, எங்கடை அப்பா வீட்டுத் தேரை ஆருக்குக் குடுத்தனீங்கள்?"

"நான் குடுக்கேல்லை. மெசின்தான்..."

"அப்ப இனிச் சோத்தையும் மெசினிட்டைக் கேளுங்கோ."

பின்னேரம் இரண்டு அருளம்பலமும் ஒரே மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். என்னைத் திட்டத்தான் என்றாலும், அவர்களைச் சேர்த்துக் கண்டது ஊருக்கே புதினம். "மாஸ்ரர், நானும் உவரும் ஒரே ஆளோ?" என்றார் கிழக்கு வளவார். "உவர் ஓடின ஓட்டத்துக்கு, இஞ்சை வந்துசேர ஒரு ஆள்தான் மிஞ்சியிருப்பம்" என்றார் மேற்கு வளவார். இருவரும் சிரித்துவிட்டு, சிரித்ததை மறைக்க என்னை இன்னும் கொஞ்சம் திட்டினார்கள்.

தேரைத் திருப்பி வாங்க இளையதம்பி அண்ணையிடம் போனேன். மேளத்துக்குச் சொல்லி, சொந்தக்காரரையும் கூட்டி வைத்திருந்தார். "மெசின் தந்ததை மெசின் வந்து கேக்கட்டும், மாஸ்ரர்" என்றார். கூடியிருந்தவர்கள் முன்னால் எனக்கு வேறு வழி தெரியவில்லை. "பிழை என்ரை. வெள்ளோட்டத்திலை சாமியை ஏத்திப்போட்டன்" என்றேன். எல்லோருக்கும் உடனே விளங்கியது. போன வருடம் எங்கள் புதுத்தேரை வெறுமையாகத்தானே இழுத்துப் பார்த்தோம்? சில்லு உருளுமா, வடம் தாங்குமா என்று பார்க்கிற அந்த ஓட்டத்தில் சாமி ஏறுவதில்லை என்று ஊருக்கு விளக்கம் சொன்னவனே நான்தான். இளையதம்பி அண்ணை தேரைத் திருப்பித் தந்தார், ஒரு நிபந்தனையோடு: புது நோட்டீசை நானே வீடுவீடாகக் கொண்டுபோய், படலைக்குப் படலை நின்று, இதே வசனத்தைச் சொல்லவேண்டும். சொல்லி முடித்துத் தொண்டை கட்டிப்போய் இருக்கிறேன். மாமி மட்டும், தேர் ஓடி முடிந்து இருப்புக்கு வந்த பிறகு பார்ப்போம் என்கிறார்.

நான் திட்டிய அந்தத் திருநெல்வேலி அறைதான் உலகத்திலேயே மலிவான பரீட்சைச் சாலை என்பது இப்போது விளங்குகிறது. செய்த பிழையெல்லாம் பின்னேரம் கழுவுண்டு போகிற இடம். செலவு வாடகையும் பஸ் காசும்தான். ஆனாலும் இனி வெளிவராத எதையும் தொடுவதில்லை என்று மாமி முன்னிலையில் சத்தியம் செய்துவிட்டேன்.

எடுத்த காரியம் எல்லாம் உனக்கு மண்ணில் சில்லு இறங்காத தேராய் ஓடுக.

இப்படிக்கு,
சத்தியம் செய்த மாமா.

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் இரண்டு அருளம்பலமும் மறுபடி வந்தார்கள். "ஐஞ்சையும் ஆறையும் சேர்ந்தே செய்யிறம், மாஸ்ரர். அந்த வேலியையும் உந்த மெசினிலை ஒருக்காப் போட்டுப் பாப்பமோ?" என்கிறார்கள். அடுத்த பரீட்சார்த்தப் பதிப்பு வெள்ளிக்கிழமை வருகிறது. உள்ளே இருந்து மாமியின் குரல்: "திருநெல்வேலிக்குப் போய்ச் செய்யிறதெண்டா, மத்தியானச் சோறு கட்டித் தாறன்." ஆகவே போகிறேன். நீயும் உன்னிடமுள்ள பட்டியல் ஒன்றைப் பிரதியெடுத்து, பெயர்களையெல்லாம் பொய்யாக மாற்றி, அதில் இரண்டு பேருக்கு மட்டும் ஒரே பெயரை வைத்து ஓட்டிப் பார்.