அப்படியே முதலியார் இரண்டு தரம் கேட்ட கேள்வி

எங்கள் பக்கத்தில் அப்படியே முதலியாரைப் போலப் பொய் சொன்ன மனிதர் வேறு எவரும் இல்லை. காலை பத்து மணிக்குத் தொடங்கினால் பின்னேரம் நாலு மணிக்குள் குறைந்தது நாற்பது பொய்யாவது சொல்லிவிடுவார். அதில் ஒன்றுகூட அவருடையதில்லை.

அவர் கோட்டு முதலியார். கோடு என்று நாங்கள் சொல்வது நீதிமன்றத்தை; முதலியார் என்பது அங்கே மொழிபெயர்ப்பாளரின் பதவிப் பெயர். சாட்சி தமிழில் சொல்வதை வெள்ளைக்கார நீதிபதிக்கு இங்கிலீசிலும், வக்கீல்மார் இங்கிலீசில் கேட்பதைச் சாட்சிக்குத் தமிழிலும் சொல்வது அவருடைய உத்தியோகம். கூண்டில் ஏறும் ஒவ்வொருவருக்கும் ஒரே எச்சரிக்கைதான்.

"நீ சொல்லுறதை நான் அப்பிடியே சொல்லுவன். கூட்டவும் மாட்டன், குறைக்கவும் மாட்டன். பேந்து வெளியிலை வந்து என்னோடை கொழுவப்படாது."

அதனால் வந்த பெயர் அது. தாய் தகப்பன் வைத்த பெயர் அரசாங்கப் புத்தகத்தில் மட்டும் இருந்தது.

அப்படியே என்றால் சும்மா இல்லை. சாட்சி இருமினால் முதலியாரும் இருமுவார், இங்கிலீசில். ஒருமுறை வேலி வழக்கில் ஒரு கிழவி கூண்டில் ஏறினாள். கோபத்தில் எதிராளி எந்தப் பக்கம் நிற்கிறான் என்பதை மறந்து, நேரே நீதிபதியைப் பார்த்துக் கையை நீட்டி, "அறுவானே, உன்ரை கண் அவிஞ்சு போக! உன்ரை வேலியைக் கறையான் தின்ன!" என்று கத்தினாள். முதலியாரும் நேரே நீதிபதியைப் பார்த்து, அதே கையை நீட்டி, அதே சுருதியில் இங்கிலீசில் சபித்தார். துரை முகம் சிவந்துபோய், "இது எனக்கா?" என்று கேட்டார்.

"சாபம் எதிராளிக்கு, பார்வை மட்டும் தங்களுக்கு" என்றார் முதலியார், மிகுந்த பணிவோடு.

வீட்டிலும் இதே கூத்துத்தான். நான் அவர் வீட்டு முன்னறையில் வாடகைக்கு இருந்தபடியால் எல்லாம் கண்ணால் கண்டது. பக்கத்து வீட்டு ஆடு வேலிக்குள்ளால் வந்து பயிற்றங்கொடியைத் தின்றுவிட்டது. மனைவி அடுப்படியில் நின்று, "போய் அந்தச் சனியனிட்டைச் சொல்லுங்கோ, ஆட்டைக் கட்டி வைக்கச் சொல்லி" என்றாள். முதலியார் சால்வையைப் போட்டுக்கொண்டு போனார். படலையில் நின்று, "சனியனே, ஆட்டைக் கட்டி வைக்கட்டாம்" என்று சொல்லிவிட்டு வந்தார். இரண்டு வீடும் பிறகு இரண்டு வருடம் கதைக்கவில்லை. ஆடு மட்டும் வழக்கம்போல வந்து போனது.

இனி என் கதை. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நேரம் சுற்றி வளைத்தேன்.

நான் அப்போது ஒரு மிசன் பள்ளிக்கூடத்தில் கீழ்வகுப்பு ஆசிரியன். ஆயிரத்துத் தொளாயிரத்து முப்பதுகளில் எங்கள் ஊரில் வாத்தியார் வேலைக்குக் கடவுள் சிபாரிசு வேண்டும். வேதப் பள்ளிக்கூடம், அதாவது கிறிஸ்தவப் பள்ளிக்கூடம், என்றால் ஞானஸ்நானம், சைவப் பள்ளிக்கூடம் என்றால் நெற்றி நிறைய திருநீறு. இரண்டுக்கும் சம்பளம் கொடுத்தது என்னவோ ஒரே அரசாங்கம்தான். எனக்கு வேதப் பள்ளிக்கூடத்தில் இடம் காலியாக இருந்தது. ஆகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை தலையில் தண்ணீர் வாங்கிக்கொண்டு வேதக்காரன் ஆனேன். பள்ளிக்கூடத்தில் நான் ஏபிரகாம் மாஸ்டர். வீட்டில் ஆறுமுகம். வெள்ளிக்கிழமைகளில் திருநீற்றைச் சட்டைக்குள் நெஞ்சில் பூசிக்கொண்டு போய், முதல் பாடமாக வேதபாடம் படிப்பிப்பேன்.

என் வகுப்பில் பொன்னம்மா என்று ஒரு பிள்ளை. தொண்டைமானாற்றுக் கரையில் வலை இழுக்கும் முருகேசுவின் மகள். கணக்கைச் சொல்லி முடிக்குமுன் விடையைச் சொல்லிவிடுவாள். முருகேசுவுக்குச் சந்நிதிக் கோயில் முருகனை விட்டால் வேறு சாமி இல்லை. மகள் வேதபாடம் படிப்பது அவருக்குச் சம்மதம் இல்லை. தகப்பன் எழுத்தில் கேட்டால் பிள்ளையை அந்த ஒரு பாடத்திலிருந்து விலக்கிவிட வேண்டும் என்று சட்டம் இருந்தது. முருகேசுவுக்கு எழுதத் தெரியாது. முதலியாரிடம் வந்தார். முதலியார் நான் இருந்த முன்னறையில், என் மேசையில் இருந்து, அழகான இங்கிலீசில் கடிதம் எழுதிக் கொடுத்தார். முருகேசு அடுத்த நாள் காலை அதை என் கையில் தந்தார்.

"குடுத்தவரோ?" என்று முதலியார் பின்னேரம் கேட்டார்.

"ஓம், தந்தவர்" என்றேன்.

நான் கடிதத்தைத் தலைமையாசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் அதை வாசித்து, மடித்து, என் சட்டைப்பையில் திரும்ப வைத்தார். அதைச் சம்மதம் என்று நான் எடுத்துக்கொண்டேன். பொன்னம்மா அன்று தொடக்கம் வேதபாட நேரம் வெளியே வேப்பமரத்தடியில் இருந்தாள். இரண்டு மாதம் கழித்து, அனுமதியில்லாமல் பாடத்துக்கு வரவில்லை என்று சொல்லி அவள் பெயரை வரவு இடாப்பிலிருந்து வெட்டிவிட்டார்கள். முருகேசு விடவில்லை. கோட்டுக்குப் போனார். கடிதம் கொடுத்தது மெய் என்றால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் உண்டு, இல்லையென்றால் இல்லை. அதைச் சொல்லக்கூடிய சாட்சி நான் ஒருவன்.

வழக்குக்கு முதல்நாள் தலைமையாசிரியர் என்னைக் கூப்பிட்டார்.

"மாஸ்டர், கடிதம் எண்டு ஒண்டும் வரேல்லைத்தானே? உம்மடை வேலையும் இன்னும் நிரந்தரமாகேல்லை, என்ன?"

இரண்டு வசனத்துக்கும் ஒரே முகம். எனக்கு விளங்கியது. என்னிடம் இருந்த கடிதம் அன்றைக்கே அடுப்புக்குள் போனது.

கூண்டில் ஏறியவரிடம் முதலியார் முதலில் கேட்பது, "வேதமோ, சைவமோ?" வேதம் என்றால் கையில் பைபிளைக் கொடுப்பார். சைவம் என்றால் உறுதி சொல்ல வைப்பார். எங்கள் ஆட்கள் அதோடு "சந்நிதி முருகனறிய" என்று தாங்களாகவே சேர்த்துக்கொள்வார்கள், அவரும் அதை அப்படியே இங்கிலீசில் சேர்ப்பார். இந்த விசயத்தில் அவருக்கு ஒரு கண்டுபிடிப்பு இருந்தது. சாப்பிடும்போது எனக்குப் பல தடவை சொல்லியிருக்கிறார்.

"சைவக்காரன் பைபிளைக் கேட்டால் கவனமாயிரும் தம்பி. தன்ரை சாமியை வீட்டிலை விட்டிட்டு வந்திருக்கிறான்."

அன்று நான் ஏறினேன். என் இங்கிலீசுக்கு நீதிபதி முன் நிற்கத் தெரியாது. ஆகவே முதலியார்தான். முன் வாங்கில் தலைமையாசிரியர். பின்னால் முருகேசு, பக்கத்தில் பொன்னம்மா, தோய்த்த சட்டையோடு.

"வேதமோ, சைவமோ?"

"வேதம்."

அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பைபிளைத் தந்தார். அதைத் தொட்டபோது எனக்குப் பயமே வரவில்லை என்பதை இப்போது எழுதவும் கூசுகிறது. இந்தப் புத்தகத்தில் சொல்லும் பொய் ஆறுமுகத்தைப் பிடிக்காது, ஏபிரகாமைத்தான் பிடிக்கும் என்று நினைத்தேன். ஏபிரகாம் எனக்கு யார்?

வக்கீல் கேட்டார். முதலியார் தமிழில் சொன்னார்.

"இந்தப் பிள்ளையின்ரை தகப்பன் உம்மட்டைக் கடிதம் தந்தவரோ?"

"இல்லை, தரேல்லை."

முதலியார் நீதிபதி பக்கம் திரும்பவில்லை. என் பதிலை இங்கிலீசில் சொல்லவும் இல்லை. சிறையிலிருந்து வந்த மறியற்காரன் முதல் ஊரை ஆளும் மணியகாரன் வரை எல்லாரையும் "சாட்சி" என்று மட்டும் கூப்பிட்ட மனிதர், "கேள்வி விளங்கினதோ, தம்பி?" என்றார். பிறகு, யாரும் சொல்லாமலே, அதே கேள்வியை மெல்ல மெல்ல இன்னொரு தரம் கேட்டார்.

"முருகேசு, உம்மடை கையிலை, கடிதம் தந்தவரோ?"

தலைமையாசிரியர் செருமினார். நான் குனிந்துகொண்டேன்.

"தரேல்லை."

துரை பேனையை மேசையில் தட்டினார். கேட்கச் சொல்லாத கேள்வியை ஏன் கேட்டாய் என்று எல்லார் முன்னிலும் முதலியாரைக் கண்டித்தார். முதலியார் மன்னிப்புக் கேட்டார். அதற்குப் பிறகு என் பதிலை இங்கிலீசில் சொன்னார், தலையைக் குனிந்துகொண்டு. அது நான் குனிந்ததை அப்படியே காட்டிய குனிவா, அவருடைய சொந்தக் குனிவா என்று எனக்குத் தெரியவில்லை.

வழக்குத் தள்ளுபடி. பக்கத்துச் சைவப் பள்ளிக்கூடம் சாதி பார்த்துக் கரையோரத்துப் பிள்ளைகளைச் சேர்க்காது; அந்தப் பள்ளிக்கூடத்தாரின் சாமியும் முருகன்தான். பொன்னம்மா பிறகு எந்தப் பள்ளிக்கூடத்துக்கும் போகவில்லை. ஒருநாள் கடற்கரையில் தலையில் மீன் கடகத்தோடு நின்றவள் என்னைக் கண்டு, "வணக்கம் மாஸ்டர்" என்றாள். அதற்கு முன்பே என் வேலை நிரந்தரமாகிவிட்டது.

வழக்கு முடிந்த அன்று மத்தியானமே பெட்டியைக் கட்டினேன். முதலியார் வந்து வாசலில் நின்றார். ஏசுவார் என்று பார்த்தேன். ஏசினால் நல்லது என்றும் நினைத்தேன்.

"ஏன் முதலியார் என்னைக் காட்டிக்குடுக்கேல்லை?" என்று நானே கேட்டேன். "கடிதம் எழுதினது நீங்கள்தானே?"

"நான் எழுதினதுக்குத்தான் சாட்சி. அவர் உம்மட்டைத் தந்ததை நான் காணேல்லை. நீர்தான் சொன்னனீர்" என்றார். பிறகு அடுப்படிப் பக்கம் கையைக் காட்டினார். "சாப்பிட்டிட்டுப் போம். புட்டு அவிச்சிருக்கு."

நான் சாப்பிடாமல் போனேன். அந்த வீட்டுப் பக்கம் பதினொரு வருடம் தலைகாட்டவில்லை. தெருவில் அவர் சால்வையைக் கண்டால் வேறு ஒழுங்கைக்குள் திரும்புவேன். மூன்றாம் தரமும் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதுவும் பொய்.

அவர் செத்த வீட்டுக்குத்தான் பிறகு போனேன். படலைக்கு வெளியே நின்றவனை அவர் மனைவி கண்டுவிட்டாள்.

"உள்ளை வாரும் தம்பி. ஏன் அங்கை நிக்கிறீர்? அவர் உம்மடை கதை எடுக்காத கிழமை இல்லை."

"என்ன சொல்லுவார்?" என்று கேட்டேன்.

"வேறை என்ன? 'ஆறுமுகம் நல்ல பெடியன், அண்டைக்குப் பயந்திட்டான்' எண்டு சொல்லுவார்."

அவர் தன் ஆயுளில் பிழையாக மொழிபெயர்த்தது என்னை மட்டும்தான்.