பதினேழு பி என்னும் கோள்

எங்கள் அலுவலகத்தில் இளநிலை உதவியாளராகப் பணிபுரியும் சிவபிரகாஷ் என்பாருக்குச் சென்ற சித்திரையில் மஞ்சள்காமாலை கண்டது. உரிய மருத்துவச் சான்றுடன் நாற்பது நாள் விடுப்பு கோரினார். உரிய முறையில் அனுமதிக்கப்பட்டது. அரசு ஊழியருக்குக் காமாலை வரக்கூடாது என்று எந்த விதியிலும் இல்லை. அந்த நாற்பது நாளில் மனுசன் ஒரு சினிமா எடுத்து முடித்துவிட்டார், அதுதான் வில்லங்கம்.

எங்கள் அலுவலகம் எதுவென்று கேட்பீர்கள். பழைய கோப்புகள் புதுப்பிப்புத் துறை, திண்டுக்கல் கிளை. பழைய கோப்பை எடுத்துப் புது அட்டை போட்டு, திரும்பப் பழைய இடத்திலேயே வைப்போம். அடியேன் ரங்கசாமி, உதவியாளர், இருபத்திரண்டு வருட சர்வீஸ். சிவபிரகாஷுக்குப் பக்கத்து மேஜை.

படம் விஞ்ஞானப் படம். பைக் ஹெல்மெட்டில் பிரியாணி பார்சல் கட்டுகிற அலுமினியத் தாளைச் சுற்றிக்கொண்டு ஒரு விண்வெளி வீரர் வேற்றுக்கோளில் இறங்குகிறார்; வேஷம் கட்டியதும் சிவபிரகாஷேதான். முக்கால் மணி நேரம் நடக்கிறார். ஓர் இரும்புக் கதவு வருகிறது. அதில் அசல் திண்டுக்கல் பூட்டு ஒன்று, தேங்காய் மூடி தண்டி, தொங்குகிறது. வீரர் அதன் முன்னால் பதினோரு நிமிடம் நிற்கிறார். "சாவி யார்ட்ட இருக்கு?" என்கிறார். படத்தில் மொத்தமே அந்த ஒரு வசனம்தான். பிறகு வந்த வழியே திரும்பி நடக்கிறார். படம் முடிந்தது.

"ஏன்டா அம்புட்டு நேரம் நிக்கிறே?" என்று நான் அவனிடம் தனியாகக் கேட்டேன்.

"அது ஒரு குடோன் கதவுண்ணே. குடோன்காரரு சாவியை மடியில வச்சுக்கிட்டுப் பழனிக்குப் போயிட்டாருண்ணே. செத்த நேரத்துல வாரேன்னாரு. நின்னேன். கேமரா ஓடிக்கிட்டே இருந்துச்சு."

"அது சரி, கடைசிவரைக்கும் மூஞ்சியைக் காட்டலையே?"

"மெடிக்கல் லீவுண்ணே" என்றான்.

இம்புட்டுதான் படம். அவன் ஏன் நின்றான் என்ற ரகசியம் தெரிந்த ஒரே ஆள் நான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் எனக்கு அவமானமாக வரும்.

தியேட்டர் மேனேஜர் பைசல் அவனுக்குப் பள்ளிக்கூடத்துத் தோழர். ஒரு வாரம் போட்டுப் பார்ப்போம் என்றார். முதல் காட்சிக்குப் பதினான்கு பேர் வந்தார்கள். கதவு வந்ததும், "ஏலே, படம் நின்னுபோச்சு, ஆபரேட்டரை எழுப்புங்கடா!" என்று ஒருவர் கத்தினார். பைசல் உள்ளே ஓடிவந்து, படம் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, பொதுமக்கள் அமைதி காக்க வேண்டும் என்று அறிவித்தார். வெளியே வந்த சின்னாளபட்டிக்காரர் ஒருவர், "கதவைத் திறக்கலேன்னா சன்னல் வழியாப் பார்க்க வேண்டியதுதானே, கூறுகெட்ட பய" என்று வீரரைத் திட்டிக்கொண்டே பஸ் ஏறினார்.

"எனக்கு ஒரு எழவும் புரியலப்பா, ஞாயித்துக்கிழமையோட தூக்கிடுறேன்" என்றார் பைசல். சிவபிரகாஷ் அன்று மத்தியானம் சாப்பிடவே இல்லை.

இந்த இடத்தில்தான் எங்கள் டைப்பிஸ்ட் அன்னாள் பஸ் ஸ்டாண்டுச் சுவரில் போஸ்டரைப் பார்த்தார். எடுத்தவர் பெயர் அதில் இல்லை. படத்தின் பெயர் "17 பி". அது அந்தக் கோளின் பெயர். பதினேழாம் நட்சத்திரத்தைச் சுற்றுகிற முதல் கோளுக்குப் பி என்றுதான் பெயர் வைப்பார்களாம், சிவபிரகாஷ் எங்கோ படித்திருக்கிறான். ஆனால் அரசு ஊழியருக்குப் பதினேழு பி என்பது கோள் அல்ல. அது ஒழுங்கு நடவடிக்கை விதி. அதன்கீழ் மெமோ வந்தால் பதவி உயர்வு போச்சு. வேலையே போனாலும் போகும். பத்து வருடம் முன்பு ஒரு கோப்புக்குப் பச்சை அட்டைக்குப் பதில் நீல அட்டை போட்டதற்காக அதை வாங்கியவர் அன்னாள்.

படம் பார்த்துவிட்டு வந்தவர் கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. "ரங்கசாமி சார், நம்ம கஷ்டத்தை அப்படியே எடுத்து வச்சிருக்கான் சார். அந்த முக்கால் மணி நேர நடை இருக்கே, அதுதான் சார் விசாரணை. அந்தப் பூட்டுதான் பிரமோஷன்!"

அவ்வளவுதான். சனிக்கிழமை கருவூலம் வந்தது. ஞாயிறு கூட்டுறவு வந்தது. திங்கள் பிற்பகல் திண்டுக்கல்லில் பாதி அலுவலகங்களில் நாற்காலி மட்டும் இருந்தது. பதினோரு நிமிடக் காட்சியில் தியேட்டரே எழுந்து நின்றது. புரியவில்லை என்று சொன்ன ஒரு புது ஆளை, "நீ இன்னும் புரொபேஷன்தானே தம்பி, போகப் போகப் புரியும்" என்று தட்டிக்கொடுத்தார்கள். அதன்பிறகு ஊரில் ஒருத்தருக்கும் அந்தப் படம் புரியாமல் போகவில்லை.

உண்மை தெரிந்த நான் என்ன செய்தேன்? வாட்ஸப் ஸ்டேட்டஸ் போட்டேன். "பூட்டு என்பது காலம். சாவி என்பது நாம்." இருநூற்றுப் பன்னிரண்டு பேர் பார்த்தார்கள். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் அன்றைக்கு எம்புட்டு சந்தோசமாக இருந்தது தெரியுமா!

ஊழியர் சங்கம், முகம் தெரியாத அந்த இயக்குநருக்குப் பாராட்டு விழா அறிவித்தது. "போகாதடா" என்றேன். போனான். போனவன் கடைசி வரிசையிலாவது உட்கார்ந்தானா? சால்வையைப் பிரித்ததும் மேடையேறிக் குனிந்துவிட்டான். புதன்கிழமை மெமோ வந்தது. முன் அனுமதியின்றி, காமாலைக் காலத்தில், கலைப்படைப்பு ஒன்றை உருவாக்கியது. விதி, பதினேழு பி.

வேலை போனால் அவன் கதி அதோகதி. மனைவி தமிழ்மதி எனக்குப் போன் போட்டு, "அண்ணே, நீங்கதான் காப்பாத்தணும்" என்று அழுதுவிட்டது. ராத்திரி பகலாகத் துறைக் கையேட்டைப் புரட்டி ஒரு வழி கண்டுபிடித்தேன். கலைப்படைப்பு என்பது, "காண்போருக்குப் பொருள் விளங்கத்தக்க ஆக்கம்" என்று அதில் இருக்கிறது. ஆக, மூன்று சாட்சிகள் வந்து புரியவில்லை என்று சொன்னால் போதும், அது படைப்பே இல்லை. ஒருவர் ஹெல்மெட்டோடு கதவு முன்னால் நின்றார், அவ்வளவே. அதற்குத் தடை இல்லை. பைசல், அன்னாள், நான், மூன்று பேரும் அப்படிச் சொல்வதாகப் பேச்சு.

விசாரணை அதிகாரி சொர்ணலட்சுமி, ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். குரலில் அவ்வளவு மரியாதை.

"ஏனுங்க பைசல், படம் உங்களுக்குப் புரிஞ்சுதுங்களா?"

பைசல் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். "மேடம், நம்ம தியேட்டர்ல புரியாத படம் போடுறதில்ல."

"அன்னாளுங்க?"

"நாலு தடவை அழுதிருக்கேன் மேடம். புரியலேன்னு எந்த வாயால சொல்லுவேன்? அந்த வீரரு நான்தான் மேடம்."

கடைசியாக நான். சிவபிரகாஷ் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வாயைத் திறந்தேன். அதற்குள் அதிகாரி அம்மா ஒரு தாளை நீட்டினார். என் ஸ்டேட்டஸ், கலர் பிரிண்ட்.

"இது நீங்க போட்டதுங்களா?"

"ஆமாங்க மேடம்."

"அப்ப உங்களுக்குப் படம் புரியலைங்களா?"

இருநூற்றுப் பன்னிரண்டு பேர் கண்முன் வந்து நின்றார்கள். "லேசா புரிஞ்சுச்சு மேடம்" என்றேன்.

சிவபிரகாஷ் துள்ளி எழுந்தான். "மேடம், சத்தியமாச் சொல்றேன், எடுத்த எனக்கே புரியல!"

"பெரிய கலைஞருங்க எல்லாம் இப்படித்தானுங்க, பணிவாச் சொல்லுவாங்க" என்று சிரித்துக்கொண்டே, குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று எழுதிக்கொண்டார் அம்மா.

மூன்று வாரம் கழித்து ஆணை வந்தது. அதை அப்படியே தருகிறேன்: "மேற்படியார் மீதான குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை எனக் கருதுவதற்கில்லை என்னும் நிலையில், அன்னார் பணியில் தொடர்வதைத் தவிர்ப்பதற்கில்லை என்ற முடிவினை நிறுத்திவைக்காதிருக்க இயலாது என இதன்மூலம் தெளிவுபடுத்தப்படுகிறது."

சிவபிரகாஷ் அதைக் கண்காணிப்பாளரிடம் கொண்டுபோனான். "சார், எனக்கு வேலை இருக்கா, இல்லையா?"

"தெளிவாத்தானே போட்டிருக்கு. படிச்சுப் பாருங்க" என்றார் அவர், தாளைத் தலைகீழாகப் பிடித்தபடி.

பைசல் வேலை இருக்கிறது என்றார். அன்னாள் போய்விட்டது என்று அழுதார். இரண்டு பேரும் ஆணை நன்றாகப் புரிகிறது என்றார்கள்.

விசாரணை நடக்கும்போதே அவன் மேஜையைப் பதிவறைக்குள் தூக்கிப் போட்டுப் பூட்டியாயிற்று. இப்போதும் தினமும் பத்து மணிக்கு டிபன் பாக்ஸோடு வந்து அந்தக் கதவு முன்னால் நிற்கிறான். போ என்று சொல்லவும் ஆளில்லை, உட்கார் என்று சொல்லவும் ஆளில்லை. "சாவி யார்ட்ட இருக்கு?" என்று போகிற வருகிறவர்களை எல்லாம் கேட்கிறான். மற்ற அலுவலகங்களிலிருந்து பெர்மிஷன் போட்டு வந்து பார்க்கிறார்கள். "ரெண்டாம் பாகம், முதல் பாகத்தைவிட நல்லாருக்கு" என்று அன்னாள் கண்ணைத் துடைத்துக்கொள்கிறார்.

சாவி என் சட்டைப் பையில் இருக்கிறது. பதிவறைப் பொறுப்பு எனக்கு. ஆணை திறக்கச் சொல்கிறதா, சொல்லவில்லையா என்று மேலே ஒரு கடிதம் எழுதிக் கேட்டால் முடிந்துபோகும். ஆனால் இருபத்திரண்டு வருட சர்வீஸ் உள்ளவன், ஒரு சாதாரண ஆணை புரியவில்லை என்று எப்படிக் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது?

உங்களுக்குத்தான் புரிந்திருக்குமே. நீங்கள் ஒரு கடிதம் எழுதிப் போடுங்களேன்.